காரைக்கால்: நிலமும் காற்றும்

காவிரியின் கிளைநதிகள் கடலோடு கலக்கும் கழிமுகப் பூமியில், கிழக்கே வங்கக் கடலும் ஏனைய மூன்று திசைகளிலும் தமிழ்நாட்டு மாவட்டங்களும் எல்லையாக அமைய, ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர் பரப்பில் விளங்கும் சிறு பிரதேசம் காரைக்கால். தஞ்சை மராட்டிய அரசின் உடைமையாயிருந்து 1739இல் பிரெஞ்சுக் கம்பெனியின் வசமான இவ்வூர், 1954 நவம்பர் முதல் நாள் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்து, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் பாரதத்தோடு இணைந்தது. இவ்வூர் அடங்கிய ஒன்றியப் பகுதியின் தலைநகரான புதுச்சேரி வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் இருக்க, கொள்வினை கொடுப்பினையும் அன்றாட வாணிபமும் நாகூரோடும் மயிலாடுதுறையோடும் கும்பகோணத்தோடும் நடைபெறுவது இவ்வூரின் நெடுங்கால வழக்கம்.

நகரத்தில் அம்மையார் கோவிலும் ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவும், மேற்கே திருநள்ளாற்றில் சனீசுவரர் சந்நிதியை நாடி வரும் யாத்திரிகர் கூட்டமும், அரசலாறும் நாட்டாறும் திருமலைராஜனாறும் பாயும் நெல்வயல்களும், கிளிஞ்சல்மேடு, காளிக்குப்பம், பட்டினச்சேரி என்று கடலோரம் தொடரும் மீனவ கிராமங்களும் நெருங்கி அமைந்த இந்நிலத்தில், 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி இரண்டு லட்சம் ஜனங்கள் வசிக்கின்றனர். இங்கே வெற்றிடம் என்று சுட்டத்தக்க பூமி அரிது. நடவு இல்லாத இடத்தில் மனை இருக்கும், மனை இல்லாத இடத்தில் வாய்க்கால் ஓடும்.

இத்தகைய ஊரில் நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்னும் விதியே ஜீவாதாரமான விஷயம். நிரவியை மையமாகக் கொண்டு எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகம் பூமிக்கடியிலிருந்து எரிவாயு எடுக்கிறது. அவ்வாயுவைக் கொண்டு திருமலைராயன்பட்டினத்தில் 32.5 மெகாவாட் மின்நிலையம் ஒன்று இயங்குகிறது. வாஞ்சூரில் துறைமுகம் எழுந்து நிலக்கரி இறங்கத் தொடங்கியபின், அவ்வூராரும் அண்டையிலுள்ள நாகூர் மக்களும் கரித்தூசைப் பற்றி முறையிட நேர்ந்தது. எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைப் புதிதாகத் தோண்டுவதைத் தடைசெய்து தமிழ்நாடு 2020இல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் சுற்றியுள்ள டெல்டாவைக் காத்து நிற்க, அதே ஆற்றின் நீரையும் அதே வண்டலையும் உடைய காரைக்கால், வேறு அரசின் கீழ் இருப்பதொன்றினாலேயே அச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது.

இனி வரக்கூடியது காற்றாலை. 1986இல் தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் தொடங்கி, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் வேகமான காற்றைப் பற்றிக்கொண்டு 10,000 மெகாவாட்டுக்கு மேல் வளர்ந்துவிட்ட தமிழ்நாட்டின் காற்று மின்சாரம், டெல்டாக் கரையை இதுவரை நாடவில்லை. ஆயினும், 100 மீட்டர் உயரத்தில் வீசும் காற்றை அளவாகக் கொண்டால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 150 மெகாவாட் அளவுக்கு வாய்ப்புண்டு என்று தேசிய காற்றாற்றல் நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. கோபுரங்கள் உயர உயர, முன்பு பயனற்றதென ஒதுக்கப்பட்ட மெல்லிய காற்றும் விலை பெறும். ஆகவே காற்றாலைக்கு இங்கே இடம் எது என்னும் வினா வெகுதூரத்தில் இல்லை.

ஒன்றிய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சத்தத்தின் பொருட்டு எந்த வீட்டுக்கும் 500 மீட்டருக்குள் காற்றாலை நிறுவலாகாது என்கின்றன. சாலை, இருப்புப்பாதை, பொதுக் கட்டடம் ஆகியவற்றிலிருந்து, கோபுர உயரத்தோடு சுழலியின் விட்டத்தில் பாதியையும் மேலும் 5 மீட்டரையும் கூட்டிய தூரம் விடவேண்டும் என்கின்றன. 120 மீட்டர் கோபுரமும் 130 மீட்டர் விட்டமுமுள்ள ஆலைக்கு அத்தூரம் 190 மீட்டர். 500 மீட்டர் ஆரத்தில் வட்டம் வரைந்தால், ஒரேயோர் ஆலையைச் சுற்றி ஏறத்தாழ 194 ஏக்கர், தஞ்சைத் தரணியின் கணக்கில் 29 வேலி, குடியிருப்பற்ற நிலம் வேண்டியதாகிறது. கோட்டுச்சேரியிலோ நெடுங்காட்டிலோ அவ்வட்டத்தை வரைந்து பார்ப்பவர், அதற்குள் ஒரு தெருவேனும் அகப்படாத இடத்தை எளிதில் காணமாட்டார். எல்லையருகே வரைந்தாலோ, வட்டத்தின் பாதி மற்றோர் அரசின் கிராமத்தில் விழும்.

கடற்கரைக்கு ஒதுங்கினாலும் சங்கடம் தீர்வதில்லை. 2019ஆம் ஆண்டுக் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை, புதுக் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் வளர்ச்சித் தடை மண்டலத்திலும் மரபுசாரா மின்னுற்பத்திக்கு இடமளிக்கிறது. ஆனால் அம்மணற்பரப்பே படகு ஏற்றவும் வலை உணக்கவும் மீன் காய வைக்கவும் மீனவருக்கு உள்ள முற்றம். மேலும், 2008இல் நிஷா புயல் கரை கடந்த இப்பகுதியில், புயலை முன்னறியும் வானிலைத் துறையின் டாப்ளர் ராடார் காரைக்காலிலேயே நிறுவப்பட்டுள்ளது. சுழலும் இறக்கைகள் ராடார் அலையைத் திருப்பியனுப்பி, மழையும் காற்றும் உள்ளது போன்ற பொய்த்தோற்றம் உண்டாக்கும் என்பது வானிலை அறிவியலார் நன்கறிந்த உண்மை. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலைக்குத் தன் மக்களைப் பறிகொடுத்த கரையில், ஆபத்தை முன்னறியும் கருவியின் பார்வை மங்க இடங்கொடுத்தலாகாது.

இவற்றையெல்லாம் அமைச்சகத்தின் நெறி ஒன்றே தீர்த்துவிடாது. அது வழிகாட்டுமேயன்றி, 1969ஆம் ஆண்டு நகர ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் காரைக்கால் திட்டக் குழுமத்தின் நிலப் பயன்பாட்டு விதிகளில் ஏறினாலன்றி, இவ்வூருக்குரிய கட்டளையாகாது. அவ்விதியில் வயலின் தேவையைச் சொல்ல உழவரும், கரையின் தேவையைச் சொல்ல மீனவரும் வேண்டும். ஆனால் ஜனங்களின் வாயாக இருக்கவேண்டிய நகராட்சிக்கும் ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும், 1968க்குப் பின் 2006இலேயே தேர்தல் நடந்தது. அந்த உறுப்பினர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின், 2021இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நின்றுபோயிற்று.

காற்று மின்சாரம் தீமையன்று. கரியும் புகையுமற்ற அம்மின்சாரத்தை இக்கரை ஒருநாள் வரவேற்கலாம், வரவேற்கவும் வேண்டும். அதற்கு முன், நிலத்தை விலைபேச எவரும் வந்திராத, எவர் லாபமும் எவர் நஷ்டமும் கலவாத இந்த நிதானமான காலத்திலேயே, வீட்டுக்கும் ஆலைக்கும் உள்ள தூரத்தையும், ராடாரைச் சுற்றி விடவேண்டிய வெளியையும், மீனவரின் மணற்பரப்பையும், எல்லைக்கு அப்பாலுள்ள கிராமங்களின் உரிமையையும் விதியாக எழுதிவிடுதல் நலம். எரிவாயுவும் நிலக்கரியும் வந்தபின் முறையிட நேர்ந்த ஊருக்கு, காற்றின் விஷயத்திலேனும் முன்கூட்டியே பேசும் உரிமை வாய்க்கவேண்டும். அவ்வுரிமையின் முதற்படி, கொம்யூன் பஞ்சாயத்துகளுக்குத் தேர்தலை நடத்துவதே.