ரேவா நதியும் நாகமரைத் துறையும்

‘கந்தீசா’ என்றால் என்ன என்று தருமபுரிப் பஸ் நிலையத்தில் நின்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். சேலைக் கடையின் பெயர் என்பார் ஒருவர். வடக்கத்தி மிட்டாய் என்பார் இன்னொருவர். உண்மையில் அது ஸிரியாக் மொழிச் சொல். ‘புனிதமான’ என்று பொருள். ஏசுநாதர் பேசிய அரமேயிக் மொழியின் கிளை அது. கேரளத்து ஸிரியன் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் கோயில்களில் பாடிவரும் துதியில் அந்தச் சொல் வருகிறது. அந்தத் துதியை எடுத்து, கிட்டாரையும் தபலாவையும் டிரம்ஸையும் துணைக்கு வைத்துக்கொண்டு, டில்லியில் இருந்த நான்கு பேர் சுமார் எட்டு நிமிஷம் பாடி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டின் பெயரையே தொகுப்பு முழுவதற்கும் சூட்டி 2000-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். குழுவின் பெயர் ‘இந்தியன் ஓஷன்’. தமிழில் ‘இந்துமகா சமுத்திரம்’ என்று சொன்னால் இன்னும் கொஞ்சம் கம்பீரமாக இருக்கும்.

இந்தத் தொகுப்பை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தவன் என் அக்கா மகன். பெங்களூரில் உத்தியோகம் பார்க்கிறான். வாரத்தில் ஐந்து நாள் கம்ப்யூட்டர். மிச்சம் இரண்டு நாள் பேஸ் கிட்டார். “மாமா, இதைக் கேட்டுவிட்டு அப்புறம் ராக் சங்கீதத்தைத் திட்டுங்கள்” என்றான். பிளஸ் டூவுக்கு மேல் ஓர் ஆண்டு கல்லூரி வாசலை மிதித்ததோடு படிப்பை முடித்துக்கொண்டு கதை எழுத வந்தவன் நான். எனக்குச் சங்கீத சாஸ்திரம் தெரியாது. காது மட்டும் உண்டு. அந்தக் காதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ராக் என்றாலே காட்டுக் கத்தல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அறுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் சில இளைஞர்களுக்கு மூன்று நிமிஷப் பாட்டு அலுத்துப் போயிற்று. பாட்டு பத்து நிமிஷம் போனால் என்ன? நடுவில் தாளம் மாறினால் என்ன? ஜாஸிலிருந்தும் சாஸ்திரிய சங்கீதத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்துக்கொண்டால் யார் அடிக்கப் போகிறார்கள்? இப்படிப் பிறந்ததுதான் ‘புரோகிரஸிவ் ராக்’. 1969-இல் ‘கிங் கிரிம்ஸன்’ என்ற குழு வெளியிட்ட முதல் தொகுப்பை அதன் தொடக்கங்களில் முக்கியமானதாகச் சொல்வார்கள். சாதாரண ராக் பாட்டு நான்கு நான்காக எண்ணிக்கொண்டு நடக்கும். இவர்கள் ஐந்தாகவும் ஏழாகவும் எண்ண ஆரம்பித்தார்கள். அது மேல்நாட்டில் பெரிய புரட்சியாகப் பேசப்பட்டது. நம் ஊர்த் தவில்காரரிடம் சொன்னால் சிரிப்பார். ‘தக தகிட’ என்றால் ஐந்து, ‘தகிட தகதிமி’ என்றால் ஏழு. கண்டம், மிச்ரம் என்று நாமகரணம் செய்து எத்தனையோ காலமாகிறது.

போகட்டும். ‘கந்தீசா’ முழுக்க முழுக்க அந்த ஜாதி என்று சொல்ல முடியாது. இதில் ராக் இருக்கிறது, ஜாஸ் இருக்கிறது, நாட்டுப்பாடல் இருக்கிறது. ஸுஷ்மித் ஸென் கிட்டார். அஸீம் சக்ரவர்த்தி கீழே உட்கார்ந்து தபலா வாசித்துக்கொண்டே பாடுவார். இரண்டையும் ஒருங்கே செய்வது எவ்வளவு கஷ்டம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அவர் 2009 டிசம்பரில் காலமாகிவிட்டார். அமித் கிலம் டிரம்ஸ். ராகுல் ராம் பேஸ் கிட்டாரும் பாட்டும்.

இந்த ராகுல் ராமைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கார்னல் பல்கலைக்கழகத்தில் நஞ்சியல் படித்து டாக்டர் பட்டம் வாங்கினவர். பட்டத்தோடு நல்ல உத்தியோகம் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். அவரோ தொண்ணூறுகளின் முற்பகுதியில் நர்மதைக் கரைக்குப் போய், அணையை எதிர்த்துப் போராடியவர்களோடு சேர்ந்துகொண்டார். மேதா பட்கர் முன்னின்று நடத்திய போராட்டம் அது. பாட்டுச் சேகரிக்க அவர் போகவில்லை. போராடப் போன இடத்தில் பாட்டுகள் வந்து ஒட்டிக்கொண்டன. அப்படி வந்ததுதான் தொகுப்பில் உள்ள ‘மா ரேவா’.

ரேவா என்பது நர்மதையின் மறுபெயர். அமர்கண்டகத்தில் பிறந்து 1,300 கிலோமீட்டர் மேற்கே ஓடும் நதி. அதைச் சுற்றிக் கால்நடையாக வலம் வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நதியைத் தாயாக விளித்து, அதன் தெளிந்த நீரைப் புகழுகிற பாட்டு. அதில் அணை இல்லை, வழக்கு இல்லை, கோஷம் இல்லை. ஆனால் சர்தார் ஸரோவர் அணைக்கு 1961-இல் நேரு அடிக்கல் நாட்டியதும், 2017-இல் அணை முழு உயரத்தில் திறக்கப்பட்டதும், இடையில் கிராமங்கள் நீருக்குள் போனதும் தெரிந்தவனுக்கு அந்தப் புகழ்ச்சி வேறு மாதிரி கேட்கிறது. பாட்டு மாறவில்லை, அதன் கீழே தண்ணீர் ஏறிவிட்டது.

எனக்கு அது ஏன் இவ்வளவு பிடித்தது என்று தருமபுரி ஜில்லாக்காரர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பென்னாகரம் தாலுகாவில் நாகமரை என்று ஒரு துறை இருக்கிறது. எதிர்க்கரையில் சேலம் ஜில்லாவின் பண்ணவாடி. நடுவில் கிடப்பது மேட்டூர் அணையின் நீர்; ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று சர்க்கார் பெயர். 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடித்தார்கள். நீர்மட்டம் 120 அடி என்றால் தஞ்சாவூரில் சந்தோஷம். அந்த 120 அடிக்குக் கீழே ஊர்கள் இருந்தன. கோடையில் நீர் வெகுவாக இறங்கும்போது பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி தலை நீட்டும். பழைய மாதா கோயிலின் இரட்டைக் கோபுரம் தெரியும். பத்திரிகைகளில் படம் போடுவார்கள். ஜனங்கள் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு, வறுத்த மீன் தின்றுவிட்டு வருவார்கள்.

நாகமரைப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பம்பைக்காரர் ஒருவர் உண்டு. எழுபதைத் தாண்டியவர். பம்பை என்பது இரட்டை மேளம்; ஒன்று மரம், ஒன்று வெண்கலம். இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியால் வாசிப்பார்கள். மாரியம்மன் பண்டிகையிலும், சிவராத்திரியை ஒட்டி அங்காளம்மனுக்கு நடக்கும் மயானக் கொள்ளையிலும் அது இல்லாவிட்டால் சாமி இறங்காது. பண்டிகை முடிந்ததும் அதே ஆளை ஊரில் சின்னப் பையன்கூட ‘வா, போ’ என்று பேசுவான். இதுவும் எங்கள் ஜில்லாவின் வழக்கந்தான். சொல்லாமல் விட்டால் கணக்குச் சரியாகாது.

அவரிடம் ஒரு பாட்டு இருக்கிறது. கோயிலில் பாடுகிற பாட்டு அல்ல. அவருடைய தகப்பனார் பரிசல் தள்ளினவர், அவர் பாடியது. முழுகிப்போன ஊர்களின் பெயர்கள், அவற்றின் கிணறுகள், புளியமரங்கள், யார் வீட்டுக்குப் பக்கத்தில் யார் வீடு என்ற விவரம். அவ்வளவுதான் பாட்டு. ரெவின்யூ ரிகார்டு மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். பாதிப் பாட்டுக்கு மேல் உட்கார்ந்து கேட்க முடியாது.

போன வருஷம் மயானக் கொள்ளைக்கு ஊருக்கு வந்த என் மருமகனுக்கு அந்தப் பாட்டைப் பதிவு செய்துகொண்டு போகவேண்டும் என்று ஆசை. பெங்களூரில் அவனுடைய குழு அதை எடுத்து வாசிக்கும். கையடக்கமான ஒரு கருவியோடு வந்து நின்றான். நான் அழைத்துக்கொண்டு போனேன்.

“தாத்தா, ஒரு பாட்டுப் பாடித் தரணும்” என்றான்.

பெரியவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். தாத்தா என்று அவரை அழைக்கிற பையன்கள் அவர் வீட்டுக்கு வெளியே அதிகம் இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“முன்னே ஒருத்தர் பொட்டியோட வந்தாருங்க தம்பி. ராத்திரி பூராப் பாடச் சொன்னாரு. காப்பி வாங்கிக் குடுத்தாரு. போனவரு போனவருதான். எம் பாட்டு எங்க இருக்குதுன்னு எனக்கே தெரியாது.”

இதற்கு என்ன பதில் சொல்வது? நான் சும்மா இருந்தேன். மருமகன்தான் பேசினான். பாட்டோடு அவர் பெயரைப் போடுவதாகச் சொன்னான். பணம் வந்தால் பங்கு தருவதாகச் சொன்னான். பெரியவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். கடைசியில், “எம் பேரு கெடக்குது. எங்கப்பன் பேரப் போடு. ஊருப் பேரு ஒண்ணுகூட உடக்கூடாது. அப்புறம், பம்பைய இதுல சேக்காதே, அது ஆத்தாளுக்கு” என்றார்.

இந்த இடத்தில் பிரேஸில் தேசத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். அங்கே பெலோ ஹொரிஸாந்தே நகரத்தில் 1984-இல் தோன்றிய ‘ஸெபுல்துரா’ என்ற குழு மெட்டல் வாசிப்பது. மெட்டல் என்பது ராக்கின் முரட்டுத் தம்பி. நம்ம ஊர்ப் பெரியவர்கள் ‘கத்தல்’ என்று சொல்வது இதைப் பார்த்துத்தான் இருக்கவேண்டும். அவர்கள் 1995-இல் மாத்தோ க்ரோஸோ மாநிலத்தில் உள்ள ஷவாந்தே என்னும் ஆதிகுடிகளின் கிராமத்துக்குப் போய், அந்த ஜனங்களோடு உட்கார்ந்து பாடிப் பதிவு செய்து வந்தார்கள். மறு வருஷம் வந்த ‘ரூட்ஸ்’ தொகுப்பில் அது இருக்கிறது. மருமகன் எனக்குப் போட்டுக் காட்டினான். தொகுப்பில் மற்ற இடங்களில் எல்லாம் இடி இடிக்கிறது. அந்தக் கிராமத்துப் பாட்டு வருகிற இடத்தில் மட்டும் மின்சாரக் கிட்டார் அடங்கிப் போகிறது. சத்தம் போடத் தெரிந்தவனுக்குச் சும்மா இருக்கவும் தெரிந்திருக்கிறது. கலப்புச் சங்கீதத்தைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயம் ஏறக்குறைய இதுதான். எதை எதோடு கலக்கலாம் என்று சட்டம் போட நான் யார்? 1986-இல் இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்’ என்று தியாகராஜரையும் பாக்கையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தபோது யாரிடம் அநுமதி கேட்டார்? கலந்தால் தப்பில்லை. வந்த விருந்தாளி வீட்டுக்காரரைத் திண்ணைக்குத் தள்ளாமல் இருந்தால் போதும்.

பெரியவர் பாடினார். பம்பை இல்லை, உடுக்கை இல்லை. தொடையில் கையால் தட்டிக்கொண்டார். மருமகன் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தவன் திடீரென்று நிமிர்ந்து, “மாமா, ஏழு!” என்றான். பெரியவருக்கு மிச்ரம் என்ற பெயர் தெரியாது. “மூணு இழுப்பு இழுக்கணும். நாலுக்குப் பரிசலைத் திருப்பி உடணும். அதுதான் கணக்கு” என்றார். துடுப்புப் போடுகிற கணக்கு! டில்லியில் கச்சேரி மேடையிலும் லண்டனில் ஸ்டூடியோவிலும் கண்டுபிடித்துக் கொண்டாடுகிற விஷயம் நாகமரையில் கை வலிக்குப் பிறந்திருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து மருமகன் வந்தான். கைப்பேசியில் பாட்டைப் போட்டான். ஆரம்பத்தில் பெரியவரின் குரல் தனியாக, அப்புறம் பேஸ் கிட்டார், அப்புறம் டிரம்ஸ். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தொடையில் தட்டினார். நிறுத்தினார். மறுபடி தட்டினார்.

“ஒரு தட்டு அதிகமா வெச்சிருக்கீங்க தம்பி.”

மருமகன் தலையைச் சொறிந்தான். கேட்கிறவர்கள் கை தட்டுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று டிரம்ஸ்காரப் பையன் ஏழை எட்டாக்கியிருக்கிறான்.

“எட்டு வெச்சா பரிசல் நின்ன எடத்துலயே சுத்தும்” என்றார் பெரியவர். “கரை சேராது.”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஆணி எங்கே கழன்றிருக்கிறது என்று தச்சர் காட்டுவது போலச் சொன்னார். ஊர்ப் பெயர்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று மட்டும் இன்னொரு தடவை போடச் சொல்லி விரல் மடக்கிப் பார்த்துக்கொண்டார். எல்லாம் இருந்தன. தகப்பனார் பெயரைக் கைப்பேசியின் முகப்பில் காட்டினான் மருமகன். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. அந்த எழுத்துகளின்மேல் விரலை வைத்தார். படம் நகர்ந்து ஓடிவிட்டது. திரும்பக் கொண்டுவந்து காட்டினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த டிரம்ஸ்காரப் பையனே புறப்பட்டு வந்தான். கன்னடம் பேசுகிறவன், தமிழ் அரைகுறை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குக் கன்னடம் வரும் என்பதால் காரியம் கெடவில்லை. நாகமரைத் துறையில் இப்போது இயந்திரப் படகும் ஓடுகிறது. பெரியவர் அதைத் திரும்பிப் பார்க்காமல், தெரிந்தவர் ஒருவரின் பரிசலை வாங்கித் தண்ணீரில் தள்ளினார். பையன் தடுமாறிக்கொண்டு ஏறினான். எனக்குத் தண்ணீர் என்றால் பயம், வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். மருமகன் கரையில் நின்று கருவியைத் தூக்கிப் பிடித்தான்.

பத்து முழத் தூரம் போனதும் பெரியவர் பாட ஆரம்பித்தார். முதல் ஊரின் பெயர் வந்தது, இரண்டாவது வந்தது. பரிசல் அரைவட்டம் போட்டுத் திரும்பியது. மூன்றாவது ஊர் வருவதற்குள் துடுப்பை அந்தப் பையன் கையில் கொடுத்துவிட்டார்.