பத்திரிகை வைத்தால்தான் மொய் திரும்பும்



வியாழக்கிழமை இரவுப் பணி முடிந்து லெஸ்டரில் என் வீட்டுக் கதவைத் திறந்தபோது, உள்ளே மிதியடி மேல் பழுப்புக் கவர் ஒன்று கிடந்தது. பிரித்தால் என் பெயருக்கு ஒரு காசோலை. 1,047 பவுண்டு 50 பென்ஸ். நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கு மேல். அனுப்பியது பிரிட்டிஷ் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. ஆனால் அந்தப் பணத்துக்கு உரியவர் நானல்ல, திண்டுக்கல் பக்கத்துக் கோபால்பட்டித் தங்கச்சி ஒருத்தி.

இதே வீட்டில் மாடி அறையில் குடியிருந்தவள். இரண்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தாள். அம்மாவுக்குப் பக்கவாதம் என்று போன் வந்ததும், அக்டோபரோடு வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு விமானம் ஏறிவிட்டாள். அவள் போன பிறகு சமையலறை அலமாரியைத் துடைத்தேன். மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் விரித்திருந்த தாளில் வட்டமாக மஞ்சள் கறை. அதற்கு மேல் கொட்டை எழுத்தில் பி45 என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உடனே கூப்பிட்டேன்.

"அது வேலை முடிஞ்ச பேப்பர்தானேண்ணே, அதான் விரிச்சுட்டேன்" என்றாள்.

வேலை முடிந்த பிறகு வேலைக்கு ஆகும் தாளே அதுதான். ஒருவர் வேலையை விட்டு நிற்கும்போது, அந்த வரியாண்டில் அதுவரை எவ்வளவு சம்பளம், எவ்வளவு வரிப் பிடித்தம் என்று முதலாளி எழுதிக் கொடுக்கும் கணக்கு பி45. ஒருமுறை தந்தால் மறுபடி வேறொன்று தர மாட்டார்கள். ஆகவே அந்த மஞ்சள் கறையோடு பத்திரமாக எடுத்து வைத்தேன்.

பணம் எப்படித் திரும்புகிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒருவர் ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை சம்பாதித்தால் வருமான வரி இல்லை. 2021 ஏப்ரலிலிருந்து இந்தத் தொகை மாறவே இல்லை. சம்பளச் சீட்டில் 1257எல் என்று ஒரு குறியீடு இருக்கும், அது இந்தத் தொகையைத்தான் குறிக்கிறது. மாதாமாதம் வரி பிடிக்கும்போது இதைப் பன்னிரண்டாகப் பங்குபோட்டு, மாதத்துக்கு 1,047.50 பவுண்டை விட்டுவிட்டு மிச்சத்துக்கு 20 சதவீதம் பிடிக்கிறார்கள். தங்கச்சிக்கு மாதம் 2,500 பவுண்டு என்று வையுங்கள். மாத வரி 290.50. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு மாதத்தில் பிடித்தது 2,033.50.

ஆனால் அந்த 12,570 முழு வருஷத்துக்கும் உரிய சலுகை. பாதியில் ஊருக்குப் போய்விட்டாலும் முழுவதும் அவளுக்கே. ஏழு மாதச் சம்பளம் 17,500. அதில் 12,570 போக 4,930. அதற்கு 20 சதவீதம் 986. உண்மையில் அவள் கட்ட வேண்டியது அவ்வளவுதான். மீதி 1,047.50 பவுண்டு அவள் உழைத்த காசு. ஐந்து மாதச் சலுகையை அவள் தொடவே இல்லை, அது அரசாங்கத்தின் கையில் தங்கிவிட்டது. தேசியக் காப்பீடு என்று தனியாகப் பிடிப்பது இந்தக் கணக்கில் சேராது, அது திரும்பாது.

வரியாண்டு இங்கே ஏப்ரல் 6-ல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-ல் முடிகிறது. ஏன் இப்படி ஒரு தேதி என்று வந்த புதிதில் பலரிடம் கேட்டிருக்கிறேன். பழைய இங்கிலாந்தில் வருஷப் பிறப்பு மார்ச் 25. 1752-ல் நாட்காட்டியைத் திருத்தினார்கள். செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று. போன பதினொரு நாளை வரிக் கணக்கு மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை, ஏப்ரலுக்கு நகர்ந்துகொண்டது. பதினொரு நாள் வரியை இழக்க மனமில்லாத அரசாங்கம், தங்கச்சியின் ஐந்து மாதச் சலுகையைத் தேடிவந்து கொடுக்குமா?

கொடுப்பது உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். வரியாண்டு முடிந்ததும் கணக்குப் பார்த்து, கூடுதலாகப் பிடித்திருந்தால் பி800 என்று கடிதம் போடுவார்கள். அது பழைய முகவரிக்கு வரும். அங்கே வேறு யாரோ குடியிருப்பார்கள். நம் பக்கத்து மொய் மாதிரிதான் இது. நாம் செய்த மொய் எதிர்வீட்டு நோட்டில் பைசா குறையாமல் இருக்கும், ஆனால் நாம் விசேஷம் வைத்துப் பத்திரிகை கொடுத்தால்தான் திரும்பும். இங்கே அந்தப் பத்திரிகையின் பெயர் பி85. "நான் இந்த நாட்டை விட்டுப் போகிறேன்" என்று சொல்லும் படிவம். கூடவே பி45-ன் இரண்டாம், மூன்றாம் பாகங்களையும் இணைக்க வேண்டும்.

தங்கச்சி அந்தப் படிவத்தை ஊரிலேயே நிரப்பி, கையெழுத்துப் போட்டு எனக்குத் தபாலில் அனுப்பினாள். கவரில் சாணார்பட்டி அஞ்சலக முத்திரை. அதைப் பார்த்ததும் படிவத்தை எடுக்காமல் கவரையே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நத்தம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற காலை நேரங்கள், மேகம் இறங்கிய சிறுமலை, மாம்பழக் காலத்தில் மண்டிக்குப் போகும் கூடைகளின் வாசம். எங்கள் அப்பா தோப்புக் குத்தகைக் கணக்கை ஒரு நாற்பது பக்க நோட்டில் பென்சிலால் எழுதி வைப்பார். அடுத்தவர் காசு ஒரு ரூபாய் கூடுதலாக வந்திருந்தால், அன்று மாலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்துதான் சாப்பிடுவார். யாரும் அவருக்குப் படிவம் எழுதிப் போட்டதில்லை.

எனக்கு எரிச்சல் தருவது காசோலை விஷயம். பணத்தை பிரிட்டனுக்கு வெளியே உள்ள வங்கிக் கணக்கில் பெரும்பாலும் போட மாட்டார்கள். இங்குள்ள கணக்கில் போடுவார்கள், இல்லாவிட்டால் காசோலை. தங்கச்சி கிளம்பும்போதே கணக்கை மூடிவிட்டாள். பவுண்டுக் காசோலையைக் கோபால்பட்டியில் வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? நல்லவேளை, நமக்காக வாங்கிக்கொள்ள வேறொருவர் பெயரைப் படிவத்தில் எழுதலாம். அதில்தான் என் பெயரை எழுதினாள். நம் நாட்டில் இந்த விஷயம் எவ்வளவோ மேல். பான் எண்ணோடு இணைத்துச் சரிபார்த்த கணக்கில் நேராகப் பணம் விழுகிறது, தாமதமானால் வட்டியும் உண்டு. இத்தனைக்கும் வருமான வரியை நமக்குக் கொண்டுவந்தது இவர்கள்தான். 1857 கலகத்தின் செலவை ஈடுகட்ட 1860-ல் அன்றைய நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் போட்டது அது. வரியை அவர்களிடம் வாங்கிய நாம், திருப்பிக் கொடுப்பதில் அவர்களைத் தாண்டிப் போய்விட்டோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படிவம் அனுப்புவதற்கு முன் தங்கச்சிக்கு ஒரு ஏஜென்ட் போன் செய்திருக்கிறார். எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், வருவதில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு என்று பேசியிருக்கிறார். அவள் சம்மதிக்கும் நிலையில் இருந்தாள். பி85-க்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. இரவெல்லாம் நோயாளிக்குப் படுக்கை மாற்றிச் சம்பாதித்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கை, நாலு பக்கம் நிரப்பியதற்காக எவருக்கும் தூக்கிக் கொடுக்கக் கூடாது.

ஊர் திரும்பியவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அந்த நிதியாண்டில் இந்தியாவில் எத்தனை நாள் இருந்தீர்கள், அதற்கு முந்தைய வருஷங்களில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதைப் பொறுத்து, இங்கே வாங்கிய சம்பளத்தை அங்கேயும் காட்ட வேண்டி வரலாம். இரு நாட்டு ஒப்பந்தப்படி இங்கே கட்டிய வரியை அங்கே கழித்துக்கொள்ளலாம். ஆனால் திரும்பி வந்த தொகையைக் கட்டிய வரியாகக் காட்டக் கூடாது. தங்கச்சி காட்ட வேண்டியது 986 பவுண்டு, 2,033 இல்லை. திண்டுக்கல்லில் நல்ல ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காசோலையைப் போட்டேன். பணம் ஏறியதும் அன்றைக்கே அவளுக்கு அனுப்பிவிடுவேன். அம்மாவுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்டுக்கு ஆகும் என்றாள்.

இங்கே வேலை பார்த்துத் திரும்பிய பிள்ளைகள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருப்பீர்கள். வரியாண்டு முடிந்து நான்கு வருஷம் வரை இந்தப் பணத்தைக் கேட்கலாம், அதற்குப் பிறகு கேட்டால் கிடைக்காது. பெட்டியைத் திறந்து, அலமாரியில் விரித்த தாளையும் புரட்டி, பி45 இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.