ஒரு பருக்கை கூட

2020 டிசம்பர் 17 முதல் 20 வரை பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகம் ஒரு பயிலரங்கம் நடத்தியது. தலைப்பு: தர்க்கத்திலும் மொழியிலும் 'மோனோடோனிசிட்டி'. கணக்குப் பாடத்தில் ஓரியல்பு என்பார்கள். அதன் கட்டுரைத் தொகுப்பை எங்கள் மாடிப் போர்ஷனில் குடியிருக்கும் பெண் படித்துக்கொண்டிருந்தாள். தரமணியில் ஆராய்ச்சி செய்கிறாள். தர்க்கத்துக்கென்றே ஓர் இந்திய மாநாடு இருக்கிறதாம். 2009 ஜனவரியிலும் 2013 ஜனவரியிலும் அது நம் சென்னையிலேயே நடந்திருக்கிறது. தாம்பரத்தில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாமல் போயிற்று.

"இதெல்லாம் யாருக்கும்மா பிரயோஜனம்?" என்று கேட்டேன்.

"தாத்தா, நீங்க ஆபீஸ்ல ஆயுசு பூரா ஜி.ஓ. படிச்சீங்களே, அதுதான் இது" என்றாள்.

உதாரணம் கேட்டேன். சொன்னதை என் பாஷையில் தருகிறேன். 'எல்லா நிரந்தர ஊழியர்களுக்கும் பண்டிகை முன்பணம் உண்டு' என்று ஓர் ஆணை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 'நிரந்தர ஊழியர்' என்பதைச் சுருக்கி 'நிரந்தரப் பெண் ஊழியர்' என்று வாசித்தாலும் வாக்கியம் உண்மைதான். விரித்து 'எல்லா ஊழியர்களுக்கும்' என்றால் பொய்யாகிவிடும். முன்பணத்தில் கதை தலைகீழ். அதை விரித்து 'ஏதோ ஒரு முன்பணம்' என்றால் சரி. சுருக்கி 'தீபாவளி முன்பணம்' என்று வாதாட முடியாது. பொங்கலுக்குத்தான் தருவோம் என்று சொல்லிவிடுவார்கள். ஒரே வாக்கியத்தில் ஓர் இடம் கீழ்நோக்கிப் போகிறது, இன்னோர் இடம் மேல்நோக்கிப் போகிறது. எந்த இடம் எந்தத் திசை என்று தெரிந்தவன்தான் நல்ல குமாஸ்தா. பெயர் தெரியாமலே இந்த வித்தையை நாங்கள் செய்துகொண்டிருந்தோம்.

எனக்கு ருசித்தது மொழிப் பக்கம்தான். 'பானையில் ஒரு பருக்கை கூட இல்லை' என்கிறோம். பருக்கையே இல்லையென்றால் பிடி சோறும் இல்லை, தட்டுச் சோறும் இல்லை. மிகச் சிறியதை மறுத்தால் பெரியதெல்லாம் தானே மறுக்கப்படும். அதனால்தான் இம்மியும், துளியும், சல்லிக்காசும் 'இல்லை'யோடு சேர்ந்து நிற்கின்றன. 'இம்மியும் நகர்ந்தான்' என்று எவரும் சொல்வதில்லை. ஜில் ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சு அறிஞர் 1975-லேயே இந்தச் சிறியது பெரியது ஏணியைப் பற்றி எழுதியிருக்கிறார். 1979-ல் லாடுசா என்ற அமெரிக்கர், இப்படிப்பட்ட சொற்கள் கீழ்நோக்கும் இடங்களில்தான் வரும் என்று தன் ஆய்வேட்டில் சொன்னார்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்கு இது பழைய சங்கதி. பிரெஞ்சில் 'இல்லை' சொல்லும்போது சேர்க்கும் 'பா' என்ற சொல்லுக்கு முதல் பொருள் காலடி. ஓரடி கூட நடக்கவில்லை என்பதில் தொடங்கி, இன்று எல்லா மறுப்புக்கும் அதுதான். பழைய பிரெஞ்சில் 'மீ' என்றும் சேர்ப்பார்கள். ரொட்டித் துணுக்கு என்று பொருள். நம் இம்மியை நினைத்துச் சிரித்துக்கொள்வேன். இரண்டுக்கும் உறவு கிடையாது. 'பெர்ஸோன்' என்றால் ஆள், அதுவே 'ஒருவரும் இல்லை' என்பதற்கும் பதில். கதவைத் தட்டினால் "ஆள்!" என்று பதில் வருகிறது, உள்ளே ஆள் இல்லை என்று அர்த்தம். பத்து வயதுப் பையன் என்ன செய்வான்?

தமிழ் இதில் இன்னும் கறார். 'யாரும் வரவில்லை' சரி. 'யாரும் வந்தால் சொல்' என்று சொல்லக் கூடாது, 'யாராவது வந்தால் சொல்' என்றுதான் சொல்ல வேண்டும். பிரெஞ்சிலோ 'ஒருபோதும்' என்பதற்கான 'ழமே'யை 'ஒருவேளை வந்தால்' என்ற இடத்திலும் போடலாம். 'ஆல்' என்பதும் கீழ்நோக்கும் இடம்தான், ஆனாலும் தமிழ் அங்கே 'உம்'மை விடாமல் 'ஆவது' கேட்கிறது. எந்த வாத்தியாரும் சொல்லித் தராமல் மூன்று வயதுக் குழந்தை இதைச் சரியாகப் பேசுகிறது.

ஓரியல்புக்கு இன்னொரு முகம் உண்டு. சாதாரணத் தர்க்கத்தில் புதுத் தகவல் சேர்ந்தால் பழைய முடிவு மாறாது, முடிவுகள் கூடத்தான் செய்யும். உலக நடப்பு அப்படியா? பறவை என்றால் பறக்கும், பென்குவின் என்று தெரிந்ததும் அந்த முடிவைத் திரும்பப் பெற வேண்டும். 1980-ல் ரைட்டர், மெக்கார்த்தி போன்றவர்கள் இதற்குத் தனித் தர்க்கமே வகுத்தார்கள். பொதுவிதி சொல்லிவிட்டுப் புறனடை சேர்க்கும் நம் இலக்கணக்காரர்களுக்கு இது புதிதாக இருந்திருக்காது.

எங்கள் குடும்பத்துக்கும் அப்படி ஒரு விதி வந்தது. 1956-ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-ல் நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரியில் பிறந்து அங்கேயே குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியராவார்கள், அது பொதுவிதி. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையிலேயே தொடரலாம், அது விலக்கு. ஒரு தாள் சேர்ந்தால் முடிவு மாறிவிடும்.

பெரியப்பா சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். எழுதிக் கொடுத்தார். அப்பா கொடுக்கவில்லை. எனக்கு அப்போது 12 வயது, அவர் எதுவோ நானும் அதுவே. பெரியப்பா பிள்ளைகள் பாரீசுக்குப் போனார்கள், நான் தமிழ்நாடு அரசுத் தேர்வு எழுதித் தாம்பரம் வந்தேன். பிற்காலத்தில் அந்தப் பேச்சு வந்தால் அப்பா, "நான் எதையும் தேர்ந்தெடுக்கலையே, சும்மா இருந்தேன்" என்பார். அம்மா விடமாட்டாள். "ஆறு மாசம் கெடு வெச்ச எடத்துல சும்மா இருக்கறதும் எழுதிக் குடுத்ததுதான்" என்பாள். இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தர்க்கப்படி அம்மா சொன்னதுதான் சரி என்று மாடிப் பெண் தீர்ப்புச் சொன்னாள். எனக்கு அதில் வருத்தமில்லை. அப்பா ஊரைவிட்டு ஓரடி கூட நகர விரும்பாதவர், அந்த மௌனம் அவருக்குப் பொருத்தம்.

பெரியம்மாவுக்கு இப்போது தொண்ணூறைத் தாண்டிவிட்டது. சேலையூரில் மகளோடு இருக்கிறாள். பெரியப்பாவின் ஓய்வூதியத்தில் அவள் பங்கு பிரான்சிலிருந்து வருகிறது. உயிரோடு இருப்பதாகச் சான்று போகாவிட்டால் பணம் நின்றுவிடும். படிவம் வந்ததும் போன் வரும். "டேய், எழுத வாடா." இரும்புலியூரிலிருந்து பஸ் பிடித்துப் போய், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று பிரெஞ்சில் எழுதிக் கொடுத்து, காபி குடித்துவிட்டு வருவேன்.