கில்பெக்: எல்லை ஊரின் கல்வேலை

சென்ற வாரம் ஹியர்ஃபோர்டு பேராலயத்தோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து தென்மேற்கே, வேல்ஸ் எல்லைப் பக்கம் போனால் கில்பெக். சில வீடுகள், மண்மேட்டின் மேல் இடிந்த கோட்டை, அதையொட்டி 1140 வாக்கில் செந்நிற மணற்கல்லில் கட்டிய சிறிய தேவாலயம். இறவாரத்துக்குக் கீழே சுவரைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் தாங்குகற்களில் 85 மிஞ்சியிருக்கின்றன. ஒன்றில் நாயும் முயலும் ஒட்டி உட்கார்ந்து நம்மையே பார்க்கின்றன. இன்னொன்றில் ஒருத்தி தன் பெண்குறியை இரு கைகளாலும் விரித்துக் காட்டுகிறாள். கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழிபாட்டை உள்ளூர்க் கல்தச்சர்கள் சுவரில் ஒளித்து வைத்தார்கள் என்பதற்கு அவளைத்தான் சாட்சிக்கு அழைப்பார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. ஒதுங்கிக் கிடந்த ஊரில் பிறந்த கலை அல்ல இது. பல வழிகள் வந்து சேர்ந்த எல்லையில் பிறந்தது.

இதே போன்ற பெண்ணுருவங்கள் பிரான்சிலும் ஸ்பெயினிலும் அக்காலத் தேவாலயங்களின் தாங்குகற்களில் இருக்கின்றன. ஒளித்து வைக்க வேண்டிய கட்டாயமும் தெரியவில்லை: ஊரை ஆண்ட நார்மன் பிரபு ஹியூ, 1134-இலேயே ஊர்த் தேவாலயத்தை க்ளாஸ்டர் மடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்; துறவிகள் அறியாமல் செதுக்கிய சுவராக இது இருக்க வாய்ப்பில்லை. உள்ளே, பலிபீடப் பகுதிக்குப் போகும் வளைவின் இருபுறத் தூண்களிலும் புனிதர்கள் மும்மூன்று பேராக ஒருவர் தலைக்குமேல் ஒருவர் நிற்கிறார்கள். இங்கிலாந்தில் அபூர்வமான இந்த அமைப்பைப் பார்த்ததும் ஸ்பெயினின் யாத்திரைத் தலமான சாந்தியாகோ தெ கொம்போஸ்தேலா பேராலயத்தின் தெற்கு வாசல் தூண்கள் நினைவுக்கு வரும். வடக்கே ஷோப்டனில், கில்பெக்கைச் செதுக்கிய அதே பட்டறைச் சிற்பிகளைக் கொண்டு தேவாலயம் எழுப்பிய ஆலிவர் தெ மெர்லிமண்ட், சாந்தியாகோவுக்கு யாத்திரை போனவர். அவரோடு சிற்பியும் போனாரா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். போயிருக்க வேண்டிய அவசியமில்லை. வடிவம் பிரான்ஸ் வழியாகவும் வந்திருக்கலாம். எப்படிப் பார்த்தாலும் அது கில்பெக்கில் முளைத்ததல்ல.

அப்படியானால் உள்ளூர்க்காரர் பங்கு எதுவுமில்லையா? உண்டு. மரியாளோடு வேல்ஸின் புனிதர் டேவிட்டுக்கும் நேர்ந்துவிட்ட ஆலயம் இது. இந்த வட்டாரத்தில் வேல்ஸ் மக்களுக்கெனத் தனி வழக்கங்கள் இருந்ததை 1086-இன் நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே பதிவே சொல்கிறது. இந்த எல்லைக்கு வந்து சேர்ந்த வழிகளில் இன்னொன்றும் தெரிகிறது: மேற்குச் சுவரில் வாய் பிளந்து நாக்கைச் சுருட்டும் டிராகன் தலைகளில் வைக்கிங் மரவேலையின் சாயல் தெரிகிறது. தெற்கு வாசல் தூணில் கால்சட்டையும் கூர்தொப்பியும் அணிந்த இரு வீரர்கள் கொடிகளுக்குள் சிக்கி நிற்கிறார்கள். அவர்கள் உடையின் மடிப்புக் கோடுகளை இன்றும் ஒவ்வொன்றாகப் பார்க்க முடிகிறது. ஷோப்டனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1750-களில் அத்தேவாலயத்தை இடித்து, சிற்ப வளைவுகளை மட்டும் பூங்காவில் அழகுக்காக நிறுத்தினார்கள். மழை முகங்களைத் தின்றுவிட்டது. அவற்றை அடுத்த வாரம் பார்க்கலாம்.