மெத்தைக்குள் குடித்தனம்

காலைத் தும்மலுக்குக் காரணம் தேடி, மகளின் முன்னங்கையில் சொட்டுச் சொட்டாகச் சோதனைத் திரவம் வைத்து ஊசியால் குத்திப் பார்த்தார்கள். ஓர் இடம் மட்டும் கொசுக்கடி போல் தடித்தது. டஸ்ட் மைட், அதாவது தூசு உண்ணி. வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவின் முகம் மாறியது. "அப்ப நான் கூட்டிப் பெருக்கறது சரியில்லன்னு சொல்றாரா அந்த டாக்டர்?"

அப்படிச் சொல்லவில்லை. இந்த உண்ணி அழுக்கைத் தேடி வருவதே இல்லை. மனுசரைத் தேடி வருகிறது. அன்றாடம் நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. கண்ணுக்குத் தெரியாத, எட்டுக்கால் பிராணி. கடிக்காது, ரத்தம் குடிக்காது. அதன் எச்சத்தில் இருக்கும் செரிமான நொதிதான் நம் மூக்கில் ஏறி வம்பு வளர்க்கிறது. வீட்டுத் தூசியில் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் இந்த உண்ணி என்பதை 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஃபோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா என்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

அது தண்ணீரும் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடம்பால் இழுத்துக்கொள்கிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நாள்கணக்கில் நின்றால் வற்றிப்போகும். கடலை ஒட்டிய சென்னையில் அதற்கு அந்தக் கவலையே கிடையாது. தீனியும் ஈரமும் இளஞ்சூடும் ஒன்றாய்ச் சேரும் இடம் மெத்தையும் தலையணையும்தான். பளபளக்கும் தரையைவிட விரித்தபடியே கிடக்கும் படுக்கை ஆபத்தானது என்பது அம்மாவுக்குப் புரிந்தபோது, "அதுக்குத்தான் பாயில படுன்னு தலையால அடிச்சிக்கிட்டேன்" என்றார். நியாயம்தான். கோரைப்பாயில் உண்ணி புகுந்து குடியிருக்கப் பஞ்சு ஏது? விடிந்ததும் சுருட்டி மூலையில் நிறுத்திவிடுகிறோம்.

ஆனாலும் மெத்தையை விட மனம் வரவில்லை. அதற்கு நெருக்கமாக நெய்த, ஜிப் வைத்த உறை மாட்டினோம். விரிப்புகளை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைக்கிறோம். பச்சைத் தண்ணீரில் துவைத்தால் எச்சம் போகும், உண்ணி பிழைத்துக்கொள்ளும். விளக்குமாறு போய் ஈரத் துணி வந்தது. பெருக்கப் பெருக்கத் தூசி எழும்பி மறுபடி மகளின் மூக்குக்குத்தானே போகிறது. கரடி பொம்மை பாலித்தீன் பைக்குள் கட்டுண்டு, ஃபிரீசரில் மீனுக்குப் பக்கத்தில் இரண்டு இரவு படுத்துவிட்டு வரும். குளிரில் உண்ணி சாகும். எச்சத்தைப் போக்கப் பிறகு துவைத்தாக வேண்டும்.

கஷ்டமெல்லாம் அம்மாவின் இலவம்பஞ்சுத் தலையணையில்தான் வந்தது. பேத்தி அதில் தலை வைத்துக் கதை கேட்டுத் தூங்கிப் பழகியவள். தூக்கிப் போடச் சொல்ல எனக்கு நா எழவில்லை. கடைசியில் அம்மாவே அதைத் தன் கட்டிலோடு நிறுத்திக்கொண்டார். கதை சொல்லும் இடம் கூடத்துக்கு மாறியது. ஒவ்வாமையைச் சமாளிப்பதில் பாதி வேலை துவைப்பது, மீதி வேலை வீட்டாரின் மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது.

உறை மாட்டியதோடு கடமை முடிந்தது என்றும் இருக்க முடியாது. ஆஸ்துமா உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் பிரிட்டனில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு, உறையை மட்டும் நம்பிப் பலனில்லை என்று காட்டியது. உறை, வெந்நீர், ஈரத் துடைப்பு, மருத்துவர் எழுதிக்கொடுத்த மூக்கு ஸ்பிரே எல்லாம் கைகோத்தால்தான் காலைத் தும்மல் அடங்குகிறது.

அடங்குகிறது, ஒழிவதில்லை. உண்ணியே இல்லாத வீடு வேண்டுமென்றால் அதில் மனுசர் குடியிருக்கக் கூடாது. நம் தோலைத் தின்று நம்மோடு வாழ்கிற ஒன்றைத் துரத்தியடிக்கப் பார்ப்பது வீண் வேலை. மகளின் மூக்கு பொறுக்கும் அளவுக்குள் அதை வைத்திருந்தால் போதும். இப்போது அம்மாவும் தரையைப் பார்த்து வீட்டை எடைபோடுவதில்லை. காலையில் பேத்தியின் மூச்சைக் கேட்டுத்தான் எடைபோடுகிறார்.