சாரல் ஊரில் ஒரு ஹெரால்டு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையோரப் பட்டறை அது. நான் போனபோது ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இரண்டாகப் பிரிந்திருந்தது. மேல்கூடு மரக்கட்டைகள் மேல் நின்றது, சேசிஸ் தனியாகத் தரையில் கிடந்தது. இன்றைய பெரும்பாலான கார்களை இப்படிப் பிரிக்க வழியில்லை. ஹெரால்டுக்கு ஸ்பேனரும் பொறுமையும் போதும்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தின் கவன்ட்ரியிலிருந்த ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்குக் கூடு செய்து கொடுத்துவந்த ஆலையை 1953-ல் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. அதனால், பல இடங்களில் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு இணைக்கும்படி இந்தக் காரை வடிவமைத்தார்கள். 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வெளிவந்தது. 1961 முதல் சென்னை வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆலையில் தயாரானது. இதன் சேசிஸைக் குறுக்கித்தான் 1962-ல் ஸ்பிட்ஃபயர் என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்தது. இரண்டையும் வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிச்சலாட்டி. ஆக, அந்தப் பட்டறைத் தரையில் கிடந்தது ஸ்பிட்ஃபயரின் மூத்த அண்ணன்.

டிங்கர் வேலை பார்க்கும் பெரியவர் சிறு சுத்தியலால் சேசிஸை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டு வந்தார். நல்ல இரும்பு கணீரென்றது. பக்கவாட்டுத் தாங்கிகளுக்கு வந்ததும் சத்தம் செத்துப்போனது. அங்கே சாக்கட்டியால் ஒரு கோடு.

“மேல பளபளன்னு இருக்குன்னு நம்பிராதீங்க அண்ணாச்சி. சீசன் சாரல் உள்ளுக்குள்ளயே இருந்து தின்னுருக்கு.”

முன்பு யாரோ துருவை வெட்டாமல், அதன்மேல் பட்டியை அப்பி வண்ணம் அடித்திருக்கிறார்கள். தகடு வெட்டி ஒட்டுவதைவிட அது மலிவு. ஆனால் ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும் அந்த வேலையைப் பழுதுபார்ப்பு என்று சொல்ல எனக்கு மனமில்லை. பெரியவர் பட்டியை முழுக்கச் சுரண்டி எடுத்தார். கதவு இடைவெளிகளில் இரும்புக் குழாயைக் குறுக்கே பற்றவைத்த பிறகே அடித்தகட்டில் கை வைத்தார். அப்படிச் செய்யாமல் வெட்டினால் கூடு தொய்ந்துவிடும். பிறகு எத்தனை தட்டினாலும் கதவு சரியாகச் சாத்தாது. புதுத் தகட்டை மணல்மூட்டை மேல் வைத்து அடித்து, பழைய வளைவோடு ஒட்டிப் பார்த்து, மீண்டும் அடித்தார். அளவுகோலைவிட உள்ளங்கையைத்தான் நம்பினார். 948 சிசி எஞ்சினுக்கு வேண்டிய வேலை லேத்துப் பட்டறையில் முடிந்துவிடும். இந்தக் கை வேலைக்கு ஆள் அரிது. கற்றுக்கொள்ள வந்த பையன் ஒருவன்தான் அங்கே இருந்தான்.

வண்டியின் கதையை அந்தப் பையன்தான் எனக்குக் காட்டினான். டேஷ்போர்டுக்கு அடியில் தேய்த்த இடத்தில் வெள்ளைக்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே நீலம். எண் தகட்டைத் துடைத்து, சேசிஸ் எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்பார்த்தோம். பொருந்தியது. ‘எம்’மில் தொடங்கும் பழைய பதிவெண், பெயர்மாற்றப் பக்கத்தில் அடுத்தடுத்து முத்திரைகள். உரிமையாளர் அந்தப் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். காருக்குச் செலவழித்த பணத்தைவிட இந்தக் கவனத்துக்காகத்தான் அவரை நான் மதிக்கிறேன்.

2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப் பிரிவு வந்திருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேசிஸும் எஞ்சினும் பெரிதாக மாற்றப்படாத வண்டிகளுக்கு அது பொருந்தும். ஏற்கெனவே பதிவானவை பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். உங்கள் வீட்டுத் தொழுவத்தில் ஹெரால்டோ அதன் வாரிசான கெஸல் காரோ கிடந்தால், காயலான் கடைக்காரரைக் கூப்பிடுமுன் பீரோவில் ஆர்.சி. புத்தகத்தைத் தேடுங்கள். அதோடு, பட்டி அப்பாமல் தகடு அடிக்கத் தெரிந்த டிங்கர் ஒருவரிடம் ஒருமுறை வண்டியைக் காட்டுங்கள்.