ஜலந்தரில் பந்து தைக்கிறார்கள்

டெல்லியிலிருந்து அமிர்தசரஸ் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், வெளியே ஓடுவது தஞ்சாவூர்தானோ என்று தோன்றும். பார்க்கும் இடமெல்லாம் நெல். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் ரொட்டிதான். விளைந்த அரிசி மத்தியத் தொகுப்புக்குப் போய்விடுகிறது. மேட்டூர் எப்போது திறக்கும் என்று காத்துக்கிடக்கிற ஊர்க்காரனுக்கு, நிலத்தடி நீரை மோட்டாரில் இறைத்து நடவு செய்யும் அந்தத் தாராளம் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான்.

நான் போனது கால்பந்துக்காக. சம்பா அறுத்த வயலில் கம்பு நட்டு ஆடி வளர்ந்தவன். எங்கள் பந்துகள் ஜலந்தரிலோ மீரட்டிலோ பிறந்தவை. 1947க்கு முன் இந்தத் தொழிலின் தலைநகரம், இப்போது பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட். பிரிவினையின்போது அங்கிருந்து கிளம்பிய தொழிலாளிகளும் முதலாளிகளும் இந்த இரண்டு ஊர்களிலும் வேர்பிடித்தார்கள். சியால்கோட்டும் சும்மா இல்லை. 2014 உலகக்கோப்பையின் பிரசூக்கா பந்து அங்கே தயாரானது.

ஜலந்தரின் பஸ்தி நௌ பகுதியில் ஒரு பட்டறை. செயற்கைத் தோலுக்கு அடியில் துணியை அடுக்கடுக்காக வைத்து ரப்பர் பால் பூசி ஒட்டுகிறார்கள். காய்ந்ததும் அச்சில் வைத்து அழுத்தினால், தையல் துளைகளோடு துண்டுகள் விழுகின்றன. ஒரு பந்துக்கு 20 அறுகோணம், 12 ஐங்கோணம். அறுகோணங்களை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் தரை ஓடு போலத் தட்டையாகப் படுத்துவிடும். இடையில் வரும் ஐங்கோணம்தான் அதை வளைத்து உருண்டையாக்குகிறது. 1970 மெக்சிகோ உலகக்கோப்பையின் டெல்ஸ்டார் பந்தில் உலகம் பார்த்த கறுப்பு வெள்ளை இதுதான்.

தைப்பவர் முழங்கால்களுக்கு நடுவே மரப்பிடியை இடுக்கியிருந்தார். மெழுகு தேய்த்த ஒரே நூல், இரு முனையிலும் ஊசி. ஒரே துளையில் இரண்டும் எதிரெதிராக நுழைந்து வெளிவர, இரு கைகளையும் விரித்து ஒரே இழுப்பு. விரலில் சுற்றியிருந்த துணியையும் மீறி நூல் பதிந்த தழும்புகள். ஒரு பந்தில் 90 மூட்டுகள், ஏறக்குறைய 650 தையல்.

“எவ்வளவு நேரம் ஆகும், பாஜி?”

“மூணு மணி நேரம்.” தலையை நிமிர்த்தவில்லை. கூலி பந்துக் கணக்கு.

உள்பக்கம் வெளியே தெரியத்தான் தைக்கிறார்கள். பிறகு புரட்டி, காற்றுப்பையை நுழைத்து, கடைசி மூட்டை வெளியிலிருந்து கண்மதிப்பில் முடிக்கிறார்கள். முடிச்சு உள்ளே போய் மறைந்துவிடுகிறது. எவ்வளவு தேடியும் என்னால் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இந்தத் தொழிலுக்கு ஒரு கறையும் உண்டு. 1990களில் குழந்தைகள் பந்து தைப்பது உலகச் செய்தியாகி, 1997இல் அதைத் தடுக்கச் சியால்கோட்டுக்காக அட்லாண்டா ஒப்பந்தம் போடப்பட்டது; ஜலந்தரிலும் கண்காணிப்பு வந்தது.

2006 முதல் உலகக்கோப்பைப் பந்துகளில் கைத்தையல் இல்லை; சூட்டில் ஒட்டிவிடுகிறார்கள். பெரிய மைதானத்துக்கு அது சரி. கட்டாந்தரையிலும் அறுத்த தாளிலும் உருளும் நம் பந்துக்குத் தையல்தான் லாயக்கு. பிரிந்தால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துவிடலாம். காற்றடிக்கும்போது மட்டும் ஊசியை நனைத்துச் சொருகுங்கள். வால்வு கிழிந்தால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.